கால் வயிறு

எங்கள் யோகா வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் நடக்கிறது. காலை ஐந்தரைக்குத் தொடக்கம். முகூர்த்த நாட்களில் நாங்கள் மேலே மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது கீழே வடை வேகும். அன்றைக்கு மட்டும் மூச்சை இழுக்கச் சொன்னால் எல்லோரும் நன்றாக ஆழமாகவே இழுப்பார்கள். வெளியே விடச் சொல்லும்போதுதான் தயக்கம்.

சேர்ந்த முதல் மாதமே மாஸ்டர் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். இடப்பக்கம் ‘சேர்க்க’, வலப்பக்கம் ‘தவிர்க்க’. சேர்க்க வேண்டியவற்றில் பாசிப்பயறு, ஊறவைத்த பாதாம், பழங்கள், காய்கறி, பசும்பால், நெய். தவிர்க்க வேண்டியவற்றில் வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய், காபி, முட்டை, மீன், கறி, பழைய சாதம், எண்ணெய்ப் பலகாரம். தாளைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். என் மனைவி வலப்பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, “இதையெல்லாம் தள்ளிட்டா மிச்சம் தட்டுதாங்க இருக்கும்” என்றாள். ஆனாலும் மறுநாளிலிருந்து எனக்குத் தனியாக ஓர் அடுப்பு எரிய ஆரம்பித்தது.

ஐம்பது வயதுக்கு மேல் யோகா கற்க வருகிறவர்களுக்கு உடம்பு வளைவதற்கு முன்பே சாஸ்திரத்தில் ஆர்வம் வந்துவிடும். அந்தத் தாளின் மூலம் எதுவென்று தேடியதில் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோக பிரதீபிகைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவாத்மாராமர் எழுதியது. யோகிக்கு ஆகாத உணவுகளை அவர் அடுக்கியிருப்பதைப் படித்தபோது எங்கள் பாட்டியின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினாரோ என்று தோன்றியது. கசப்பு, புளிப்பு, கார்ப்பு, உப்பு ஆகாது. கடுகு ஆகாது. பெருங்காயம் ஆகாது. எள்ளும் எண்ணெயும் ஆகாது. கொள்ளு, தயிர், மோர், பூண்டு எதுவும் ஆகாது. மீனும் ஆட்டுக்கறியும் மதுவும் ஆகாது என்பதைச் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் தாளிப்பு என்ற காரியத்தையே தடை செய்திருப்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. பெருங்காயம் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடித்தால் அந்த நூலின்படி இரண்டு குற்றம். கடுகு தாளித்திருந்தால் மூன்று.

மிளகாயை அவர் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அது போர்த்துகீசியர் வழியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததே பிற்பாடுதான். கார்ப்பு என்ற ஒரே சொல்லில் அதற்கும் முன்கூட்டியே இடம் போட்டு வைத்துவிட்டார்.

உகந்தவை என்று அவர் சொல்வன கோதுமை, அரிசி, பார்லி, பால், நெய், வெண்ணெய், கற்கண்டு, தேன், சுக்கு, புடல் வகைக் காய், பாசிப்பயறு, நல்ல தண்ணீர். அவர் சேர்க்கச் சொன்ன கற்கண்டையும் நெய்யையும் என் மருத்துவர் குறைக்கச் சொல்கிறார். அவர் விலக்கிய மோரையும் கொள்ளையும் என் மருத்துவர் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். இருவரும் என் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருவருக்கும் நடுவே அறுநூறு ஆண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

‘சாத்விக உணவு’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கிறது. அதில் வெங்காயம், பூண்டு என்ற பெயர்களே கிடையாது. சாறுள்ளது, நெய்ப்பசை உள்ளது, நெஞ்சுக்கு இதமானது என்று குணங்களைத்தான் சொல்கிறது. ஆனால் சமைத்து ஒரு யாமம் கடந்துபோன உணவைத் தாமசத்தில் சேர்த்துவிடுகிறது. யாமம் என்பது மூன்று மணி நேரம். இந்தக் கணக்கில் நம் பழைய சோறு மூன்று யாமத்துக்கு மேல் கடந்தது. இன்றைய ஊட்டச்சத்து நிபுணர்களோ அந்தப் புளிப்பில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பாராட்டுகிறார்கள். வயலுக்குப் போகும் முன் அதைக் குடித்துவிட்டுக் குனிந்து நிமிர்ந்து நாற்று நட்டவர்களுக்கு எங்கள் மாடியில் யாருக்கும் இல்லாத முதுகு இருந்தது. அவர்களைத் தாமசர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் பட்டியலில் பொருளே இல்லை என்று ஆகிவிடாது. உடம்பு தன் பங்குக்கு ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறது. அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு வரவேற்பு விருந்தில் இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் குருமாவும் மேலே ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலையில் அதே மண்டபத்தின் மாடிக்கு வந்து பச்சிமோத்தானாசனம் செய்தேன். நெற்றி முழங்காலைத் தொடவில்லை. முந்தின இரவுதான் தொண்டையைத் தொட்டது.

திட உணவு இரைப்பையை விட்டு நகர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகலாம். கொழுப்பு கூடினால் இன்னும் தாமதம். இரவு வெகுநேரம் கழித்து உண்டு உடனே படுத்தால் காலையில் வயிறு மந்தமாகவே விடிகிறது. உண்டவுடன் குடலுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. உடலை முறுக்கும்போதும் தலைகீழாக நிற்கும்போதும் நிறைந்த வயிறு உதரவிதானத்தை அழுத்துகிறது, அமிலம் மேலே எழும்புகிறது. பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆசன நூலில் கனத்த உணவுக்குப் பின் நான்கு மணி நேரமாவது விடச் சொன்னது இந்த நடைமுறை அறிவுதான். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வது, இட்லியோ கஞ்சியோ போதும் என்று வைத்துக்கொள்வது, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவது, வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் அரை வாழைப்பழம் தின்பது, பயிற்சி முடிந்து அரைமணி கழித்துச் சாப்பிடுவது. உபயோகமானதெல்லாம் இந்த நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். இத்துடன், சைவ உணவுக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பாலும் தயிரும்தான் அவர்களுக்குத் துணை. தயிரை விலக்கிய பழைய நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாலும் ஒத்துக்கொள்ளாமல் போனால், கை கால் மரத்துப்போகும்போது அதையும் தியானத்தின் அனுபவம் என்று எண்ணிக்கொள்ள நேரிடலாம்.

ஆனால் மாடியில் எங்கள் பேச்சு இந்த நாலைந்து வரியோடு நின்றதில்லை. சவாசனம் முடிந்து பாயைச் சுருட்டும்போதே பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் ஆறு மாதமாக வெங்காயம் தொடவில்லை. இன்னொருவர் ஒருவேளைதான் உண்கிறார். மூன்றாமவர் பழம் மட்டும். முன்பெல்லாம் சம்பளத்தையும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட அதே குரலில் இப்போது விட்டொழித்தவற்றை ஒப்பிட்டோம். உறவினர் வீட்டுக்குப் போய் “நான் இதெல்லாம் சாப்பிடறதில்லை” என்று சொல்லும்போது எனக்குள் ஏற்பட்ட திருப்தி இருக்கிறதே, அது எந்த விருந்திலும் கிடைத்ததில்லை. பசியில் ஒரு வகை தட்டைப் பார்த்து எழுவது. இன்னொரு வகை, அடுத்தவர் நம் தட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுவது. முதல் பசிக்கு ஓர் எல்லை உண்டு.

சுவாத்மாராமர் இதையும் பார்த்திருக்கிறார். யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறைச் சொல்கிறார். மிகுதியாக உண்ணுதல், மிகுதியான உழைப்பு, வீண் பேச்சு, நியமங்களை விடாப்பிடியாகப் பற்றுதல், ஜனக்கூட்டம், மனச்சலனம். பெருந்தீனி முதலில் நிற்கிறது. நியமப் பிடிவாதம் நான்காவதாக நிற்கிறது. உரை எழுதிய பிரம்மானந்தர் அந்த நான்காவதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் விடியற்காலைக் குளிர்நீர்க் குளியல், இரவு மட்டும் உண்பது, பழம் மட்டும் உண்பது. எங்கள் மூன்றாமவர் அந்த உரையிலேயே இருந்தார். யோகத்துக்குத் துணை செய்பவை என்று அடுத்து வரும் ஆறில் ஊக்கமும் பொறுமையும் உறுதியும் உண்டு, உணவுப் பொருள் ஒன்றுகூட இல்லை. தொடக்கத்தில் பாலும் நெய்யும் நல்லது, பயிற்சி கைகூடிய பின் அந்த நியமமும் தேவையில்லை என்று பின்னால் அவரே சொல்லிவிடுகிறார். பட்டியல் எங்கும் பரவியது. அதைத் தளர்த்திய வரி மட்டும் ஜெராக்ஸில் வரவில்லை.

அப்படியானால் அவர் தளர்த்தாதது எது? அளவு. மிதாகாரத்தை அவர் இயமங்களில் தலையானதாக வைக்கிறார். இனிமையும் நெய்ப்பசையும் உள்ள உணவை, வயிற்றில் கால் பங்கை வெறுமையாக விட்டு, சிவனின் உவப்புக்காக உண்பது என்று அதை விளக்குகிறார். கேரண்ட சம்ஹிதை இன்னும் துல்லியமாகப் பங்கு பிரிக்கிறது. அரை வயிறு சோற்றுக்கு, கால் வயிறு தண்ணீருக்கு, மிச்சக் கால் காற்று உலவ. என்ன உண்பது என்பதில் மாறுபடுகிறவர்கள் எவ்வளவு என்பதில் சேர்ந்துகொள்கிறார்கள். மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதையும் அங்கேதான் வந்து நிற்கிறது.

கால் வயிறு. இந்தச் சொல்லைத் தமிழில் சொல்லும்போதே தொண்டையில் ஏதோ இடறுகிறது. நம் பேச்சில் கால் வயிற்றுக் கஞ்சி என்றால் வேறு பொருள். அங்கே கால் வயிறுதான் நிறைந்திருக்கிறது, முக்கால் வயிறு காலி. ‘வெறும் வயிற்றில் செய்ய வேண்டும்’ என்று எங்கள் மாடியில் சொல்கிறோம். எங்கள் வயிறு வெறுமையாக இருப்பது கடிகாரத்தைப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவு. எந்த முடிவும் எடுக்காமலேயே வெறுமையாக விடியும் வயிறுகளும் ஊரில் உண்டு. அவற்றுக்கு யாரும் பாய் விரிப்பதில்லை.

பழைய நூல்களின் தடைப் பட்டியலில் ஒரு பொருள் என்னை நிறுத்தி வைத்தது. புண்ணாக்கு. யோகி புண்ணாக்கு தின்னக் கூடாது என்று சுவாத்மாராமர் எழுதியிருக்கிறார். முதலில் சிரித்தேன். யாரும் தின்னாத ஒன்றை எதற்காகத் தடை செய்வார்கள்? அதைத் தின்றுதான் வயிற்றை ஆற்ற வேண்டிய நிலையிலும் சிலர் பயின்றிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தட்டைப் பற்றிப் பேசுவதற்கு வெகுமுன்பாக, யோகி எங்கே குடியிருக்க வேண்டும் என்று அந்த நூல் சொல்கிறது. நல்லாட்சி நடக்கிற, அறம் உள்ள, சுபிட்சமான தேசத்தில். சுபிட்சம் என்பதை நாம் கல்யாணப் பத்திரிகைக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒதுக்கிவிட்டோம். அந்தச் சொல்லைப் பிரித்தால் நல்ல பிட்சை என்று வரும். கேட்டால் சோறு கிடைக்கிற ஊர் என்று பொருள். கிடைக்காவிட்டால் துர்பிட்சம், அதாவது பஞ்சம். ஆக யோகியின் உணவு அவன் சமையலறையில் தொடங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்களின் சமையலறையில் மிஞ்சுமா என்பதில் தொடங்கியது. ஏந்திய பாத்திரத்தோடு நிற்கிறவன் ‘தவிர்க்க’ என்ற பத்தியை எவ்வளவு தூரம் நீட்டியிருப்பான்?

இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் மனைவிக்குப் படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். முருங்கைக்கீரை, பருப்பு, பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சாப்பாட்டை ஒட்டிக் காபி, டீ வேண்டாம், அவை கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார். பிறகு, “காலைல எத்தனை மணிக்கு என்ன சாப்பிடறீங்கம்மா?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்தது என்பதே எனக்குப் புதிய செய்தி. ஐந்து மணிக்கு எழுந்து எனக்குப் பாதாமின் தோலை உரித்து வைக்கிறாள். நான் மாடியில் இருக்கும்போது எனக்குப் பூண்டில்லாத குழம்பு, மகனுக்குப் பூண்டு போட்ட குழம்பு என்று இரண்டு. நான் வந்ததும் கஞ்சி. அவன் போனதும் பாத்திரம். பத்து மணி வரை அவளுக்கு உள்ளே போவது இரண்டு டம்ளர் காபி. அதற்குப் பிறகு நின்றுகொண்டே, மிஞ்சியது எதுவோ அது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அந்தப் புள்ளிவிவரத்தை நான் செய்தித்தாளில் படித்து வருத்தப்பட்டிருக்கிறேன். வயதுக் கணக்கில் என் வீடு அதற்குள் வராது. மற்ற எல்லாக் கணக்கிலும் வந்துவிட்டது. யோகத்தைக் கெடுக்கும் ஆறில் முதலாவதான பெருந்தீனியை நான் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதான மிகுந்த உழைப்பை என் பெயரில் அவள் செய்துகொண்டிருந்தாள். சாத்விகம் என் பங்குக்கும் களைப்பு அவள் பங்குக்குமாக, எங்கள் வீட்டில் மிக ஒழுங்காகவே பிரித்துக்கொண்டிருந்தோம்.

திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசுகிறது. எட்டுப் படிகளில் முதற்படி இயமம். பதஞ்சலி அந்தப் படியில் ஐந்தை வைத்தார்: கொல்லாமை, வாய்மை, களவின்மை, பிரம்மசரியம், பிறர் பொருள் ஏலாமை. உணவைப் பற்றி அதில் பேச்சில்லை. திருமூலரும் கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்று சொல்லிக்கொண்டே வந்து, கள்ளையும் காமத்தையும் விலக்கி, நடுவே ஒன்றைக் கூட்டுகிறார். பகுத்து உண்பது. உணவைச் சுருக்கிக்கொள்வதையும் அவர் விட்டுவிடவில்லை. அதை இரண்டாம் படியான நியமத்தில் வைக்கிறார்.

இந்த வரிசையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. முதலில் பகிர்வு, பிறகு சுருக்கம். பகிராமல் சுருக்கினால் அது உடல் எடை பற்றிய சமாசாரம், நல்லதுதான், ஆனால் யோகம் என்று பெயர் வைக்க அதில் ஒன்றுமில்லை. மிதாகாரம் என்று வடமொழி நூல் உள்ளிருந்து அளந்ததைத் திருமூலர் வெளியிலிருந்தும் அளக்கிறார். என் வயிற்றில் நான் விட்டுவைக்கும் அந்தக் கால் பங்கு காற்று உலவ மட்டும்தானா? ஒரு வீட்டில், ஒரு பந்தியில், ஒரு ஊரில் அது இன்னொருவருடைய பங்கும் அல்லவா? பச்சைக் காய்கறியா வெந்த காய்கறியா என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, இதைச் சமைத்தவர் சாப்பிட்டாயிற்றா என்பது. அந்தக் கேள்வி எந்த ஜெராக்ஸ் தாளிலும் இல்லை. அதற்குச் ‘சேர்க்க’, ‘தவிர்க்க’ என்று இரண்டு பத்தி போதாது.

மருத்துவரிடமிருந்து வந்த அன்று மாலை மளிகைச் சாமான் வாங்கப் புறப்பட்டேன். பிரிட்ஜ் கதவில் தாளைக் காணோம். அவள்தான் எடுத்து, பின்பக்கம் சாமான் பட்டியலை எழுதி வைத்திருந்தாள். கடுகு, பெருங்காயம், எள், நல்லெண்ணெய், கொள்ளு, பூண்டு. சுவாத்மாராமர் விலக்கியவற்றையே தேடித் தேடி வாங்கி வந்தேன். தாள் இப்போது பின்பக்கம் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கிறது.

வீட்டில் இப்போது குழம்பு ஒன்றுதான். வகுப்பு முடிந்து வந்ததும் கஞ்சி வைப்பது என் வேலை. கைக்குத்தல் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டு, இருவருக்கும் சேர்த்து. ஏழரை மணிக்கு உட்கார்ந்து குடிக்கிறோம். அவளுடைய காபி ஒன்பது மணிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அளவுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை. எப்படி வைத்தாலும் ஆளுக்கு முக்கால் டம்ளர்தான் வருகிறது. நேற்று அந்தக் குறையும் கால் டம்ளரைப் பற்றிப் பிரதீபிகை என்ன சொல்கிறது என்று தொடங்கினேன்.

“நாளைக்கு இன்னும் ஒரு கை அரிசி கூடப் போடுங்க” என்றாள்.